மைக்கில் நீ சொன்ன பொய் என்னுடையது

மகனே, மைக்குக்கு முன்னால் நீ நின்ற அந்த இரண்டு நிமிடத்தை நான் இதுவரை ஏழு தடவை பார்த்துவிட்டேன். முதல் தடவை இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நம்முடைய கடையில், ஒரு பெண்ணின் சப்பாத்துக்குக் குதி மாற்றிக்கொண்டிருந்தபோது. பக்கத்து மரக்கறிக் கடை அண்ணை கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வீதியிலேயே கத்திக்கொண்டு வந்தார். "தம்பி, உம்மடை மோன் அமெரிக்காவிலை சட்டசபையிலை கதைக்கிறான்! எங்கடை சனத்தின்ரை கதையை வெள்ளைக்காரனுக்குச் சொல்லுறான், பாருமன்!" நான் சுத்தியலை வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெருமையோடுதான் பார்க்கத் தொடங்கினேன். உன் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த நீலக் கழுத்துப்பட்டியைக் கட்டியிருந்தாய். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. நல்லாய் இருக்கிறான் பிள்ளை என்று நினைத்தேன். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய். "என் மாமி கௌரிக்கு அப்போது ஆறு வயது. ராணுவம் வீட்டுக்குள் வந்து அவளைச் சுட்டது. எங்கள் வீட்டில் அன்று ஒரு துவக்கு இருந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருந்திருப்பாள்." ஆங்கிலத்தில், ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாய். அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கை பட்டு ஆணிப் பெட்டி கவிழ்ந்தது.

என் தங்கச்சி கௌரியைப் பற்றி நீ சொன்ன மூன்று விஷயத்தில் ஒன்றுதான் உண்மை. அவளுக்கு ஆறு வயது. மற்ற இரண்டும் பொய். அந்தப் பொய்யை நீ உண்டாக்கவில்லை, நான்தான் உனக்குத் தந்தேன். அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று நினைத்துவிடாதே. உன்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம், உன் தோளில் கை போட்டுக்கொண்டு படம் எடுத்த அந்தத் தொப்பிக்கார உறுப்பினர்மேல் சொல்லி முடியாத கோபம். இதை வீட்டுக்குள் கதைத்து முடித்திருக்கலாம், ஏன் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி நம்முடைய லண்டன் பத்திரிகையில் எழுதுகிறீர்கள் என்று நீ கேட்பாய். நீ அதை வீட்டுக்குள் சொல்லவில்லையே ராசா. ஒரு மாநிலத்தின் சட்டசபைக் குழுவுக்கு முன்னால் சத்தியம் பண்ணிச் சொன்னாய். இங்கே தோர்ண்டன் ஹீத்திலும் ஸ்ட்ரெதத்திலும் எத்தனை பேர் அதை ஆளுக்காள் அனுப்பிக் கைதட்டினார்கள் என்று உனக்குத் தெரியாது. கோயிலில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "மோன் வெட்டி விழுத்திப்போட்டான்" என்றார்கள். பகிரங்கமாகப் போன பொய்யை வீட்டுக் குசினிக்குள் இருந்து திருத்த ஏலாது.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்காக, நீ எதிர்த்துப் பேசிய அந்தச் சட்டம் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் பேச்சைக் கேட்ட யாரும் அதை விளங்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அது யாருடைய துவக்கையும் பறிக்கவில்லை. எத்தனை வைத்திருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், உன் இடுப்பில் இல்லாத நேரம் துவக்கைப் பூட்டி வை என்கிறது. அவ்வளவுதான். ஒரு பூட்டு! அதற்குத்தான் நீங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு வந்து, சட்டைக்கு வில்லை குத்தி, சுதந்திரம் போகிறது, நாடு போகிறது என்று குதித்தீர்கள். நான் முப்பது வருடமாகச் சப்பாத்துத் திருத்துவதோடு பூட்டுச் சாவி வேலையும் செய்கிறவன். உன்னைப் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியது பூட்டு. இந்த நாட்டில் வேட்டைத்துவக்கு வைத்திருக்க விரும்புகிறவர் ஓர் இரும்பு அலமாரியைச் சுவரோடு இறுக்க வேண்டும், பொலிஸ் வந்து அதை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுக்கும். அப்படி அலமாரிகளை நானே போய்ப் பொருத்தியிருக்கிறேன். லண்டனுக்கு வெளியே சரேப் பக்கம் ஒரு கமக்காரர், மீசை முறுக்கிய பழைய ஆள், நான் திருகாணி இறுக்கி முடிக்கும்வரை தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் நின்றார். தன் சுதந்திரம் போய்விட்டது என்று அந்த மனிதர் ஒரு சொல் சொல்லவில்லை. இன்னும் ஒரு திருகாணி கூடப் போடச் சொன்னார்.

அந்தக் காணொளியில் உனக்கு முன்னால் பேசிய பெண்ணை நீ கவனித்தாயா? நான் ஏழு தடவையும் கவனித்தேன். மகனுடைய படத்தை நெஞ்சோடு அணைத்தபடி, பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்த துவக்கால் தன் பிள்ளை எப்படிப் போனான் என்று சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற நீ கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாய். அவள் அழுத நேரம் உன் பெருவிரல் மேலே போய்க் கீழே வந்தது. இப்படியா உன்னை வளர்த்தோம்? பிறகு உன் முறை வந்தது, கௌரியின் கதையைச் சொன்னாய், திரும்பி வந்தாய். அந்தப் பெண் எழும்பி உன் கையைத் தொட்டாள். உன் மாமிக்காக வருந்துகிறேன் என்றாள். தான் கேட்டு வந்த சட்டத்தை நீ அப்போதுதான் உதைத்திருந்தாய், அப்படியும் உன் துக்கத்துக்கு அவள் மரியாதை செய்தாள். நீயும் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாய். அவள் யாருக்கு ஆறுதல் சொன்னாள் என்று அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கைபேசியை மூடிவிடுகிறேன்.

உனக்கு அன்று மாலையே அழைத்தேன், நினைவிருக்கிறதா? அதற்குக் காரணம் உன் பேச்சு மட்டும் அல்ல. நான் உன்னை அழைப்பதற்கு முன்னமே மருமகள் எனக்கு அழைத்திருந்தாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாய் என்று கேள்விப்பட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன். "மாமா, உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு இவர் சொன்னவர், ஆனா எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று தொடங்கினாள். "கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்கை துவக்கை வைச்சிருக்கிறார். தோட்டாவும் போட்டுத்தான் வைச்சிருக்கிறார். போன கிழமை சின்னவள் கலர் பென்சில் தேடி அந்த லாச்சியைத் திறந்திட்டாள். நான் அறை வாசல்லை நிண்டபடியாப் பாய்ஞ்சு பிடிச்சன், மாமா. நான் குசினியிலை நிண்டிருந்தா?" பூட்டு வாங்குவோம் என்று உன்னிடம் கெஞ்சியிருக்கிறாள். நீ பூட்டு வாங்கவில்லை. பூட்டுக்கு எதிராகப் பேசப் போய்விட்டாய்.

நீ என்னோடு கதைத்த விதத்தையும் எழுதுகிறேன், உனக்கே கேட்கட்டும். "அப்பா, நீங்கள் லண்டனிலை இருக்கிறியள், உங்களுக்கு இஞ்சத்தை நிலைமை விளங்காது. கள்ளன் உள்ளுக்கு வரேக்கை நான் சாவி தேடிக்கொண்டு நிக்கேலுமே?" என்றாய். "சாவி வெட்டுறவன்ரை மோன் நீ, உனக்குப் பூட்டெண்டாப் பயமோ?" என்று நான் கேட்டேன். "இது பூட்டுப் பிரச்சினை இல்லையப்பா. கவர்மென்ட் என்ரை படுக்கையறைக்குள்ளை வாற பிரச்சினை" என்றாய். உன் படுக்கையறைக்குள் வந்தது கவர்மென்ட் இல்லை, கலர் பென்சில் தேடிய நாலு வயதுப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "உங்கடை தங்கச்சிக்கு அப்பிடி நடந்த பிறகும் நீங்கள் இப்பிடிக் கதைக்கலாமோ?" என்று கேட்டாய். அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேலாக மூடி வைத்த வாய் திறக்கவில்லை. "சரி, வை போனை" என்றேன். நீயும் வைத்துவிட்டாய்.

உனக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. உனக்குப் பதினைந்து வயது, தோர்ண்டன் ஹீத் ஸ்டேசனுக்குப் பக்கத்து பஸ் தரிப்பில் இரண்டு பேர் கத்தியைக் காட்டி உன் கைபேசியையும் சப்பாத்தையும் கழற்றி வாங்கினார்கள். காலுறையோடு நடந்து வந்தாய். உன் அம்மா வெந்நீர் வைத்து உன் காலைக் கழுவினாள், உன் பல்லு கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? பொலிசுக்குப் போகவில்லை, ஊர்வம்பு வேண்டாம் என்றேன். ஏன் அந்த வழியால் வந்தாய் என்று முதலில் உன்னையே ஏசினேன். பிறகு உன் முகத்தைப் பார்க்க ஏலாமல், உன்னை ஆறுதல்படுத்தத் தெரியாமல், சுவரில் தொங்கிய கௌரியின் படத்தைக் காட்டி ஒன்று சொன்னேன். "பயப்பிடுறது வெக்கமில்லை ராசா. எங்கடை வீட்டிலை அண்டைக்கு ஒரு துவக்கு இருந்திருந்தா உன்ரை மாமி இண்டைக்கு இருந்திருப்பா." நீ தலையை நிமிர்த்திப் பார்த்தாய். பல்லு அடிப்பது நின்றுவிட்டது. ஒரு பிள்ளைக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டேன் என்று அன்று சோற்றை நிம்மதியாகச் சாப்பிட்டேன். நீ அந்த வசனத்தை அப்படியே வைத்திருந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒரு சொல் மாறாமல் சட்டசபையில் எடுத்து வைத்தாய்.

இனி நடந்ததைக் கேள். எங்கள் வீடு வவுனியாவுக்கு வடக்கே, வயலும் காடும் சேர்கிற இடத்தில். காட்டுப் பன்றி வந்து பயிரை உழுதுவிட்டுப் போகும் என்பதால் ஐயாவிடம் லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. ஓம், எங்கள் வீட்டில் துவக்கு இருந்தது. ஐயா கவனமான மனிதர். துவக்கு கூரை வளையில் உயரத்தில் கிடக்கும், தோட்டாக்கள் வேறோர் அறையில் பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கும். இரண்டும் ஒரு நாளும் ஓரிடத்தில் இருந்ததில்லை. அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு முந்திய கிழமை பன்றி தொடர்ந்து வந்தது, அதனால் ஐயா தோட்டா போட்டபடியே வயலுக்குக் கொண்டு போய் வந்தார். பூசையன்று பொழுதுபட வயலால் வந்தவர், நேரம் போகிறது, ஐயர் காத்திருக்கிறார் என்று அவசரமாக முழுகிவிட்டு, எங்கள் வீட்டு வழக்கப்படி மண்வெட்டி, கத்தி, எங்கள் புத்தகங்கள் எல்லாவற்றோடும் துவக்கையும் சாமியறையில் வைத்தார். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். கௌரி தன் கையாலே துவக்கின் வாய்க்குள் ஒரு செவ்வரத்தம்பூவைச் செருகினாள்.

பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி விடிந்து திரும்பப் பூசை செய்யும்வரை தொடக் கூடாது. புத்தகமும் தொடக் கூடாது, அதுதான் எங்களுக்கு வருடத்தில் ஒரு நாள் படிப்பில்லாத சந்தோசம். சாப்பிட இருந்தபோது ஐயாவுக்கு நினைவு வந்தது. "அட, தோட்டாவைக் கழட்டாமல் வைச்சிட்டன்" என்று எழும்பினார். அம்மா கையைப் பிடித்து இருத்தினாள். "பூசையிலை வைச்சதைத் தொடாதையுங்கோ. விடியக் கழட்டலாம். சாமியறைக்கை ஆர் போகப்போகினம்?" ஐயா இருந்துவிட்டார். என் அம்மா அதற்குப் பிறகு உயிரோடிருந்த எல்லா நாளும் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே திரிந்தாள். அது வாதம் என்று நினைத்திருப்பாய், நீ கண்டபோது அவள் கிழவி.

விடிந்தது. பெரியவர்கள் குசினியிலும் வெளியிலும். நான் முழுகிவிட்டு முதல் ஆளாகச் சாமியறைக்குள் போனேன், எனக்குப் பதினொரு வயது. அன்று அவரவர் தன் தன் சாமானை எடுத்து ஒருதரம் தொழில் தொடங்க வேண்டும். பூசை முடியும்வரை பொறுக்க எனக்குப் பொறுமை இல்லை. கௌரி எனக்குப் பின்னால் வந்து தன் சிலேட்டை எடுத்து 'அ' எழுதினாள். எனக்குக் கொப்பி எடுக்க மனம் வரவில்லை. நான் பெரியவன், என் சாமான் துவக்கு என்று நினைத்தேன். தூக்கினேன், பாரமாக இருந்தது. ஐயா பிடிக்கிற மாதிரி விரலைக் கொண்டுபோய் விசையில் வைத்தேன். கௌரி சிரித்தாள். "அண்ணா, பூவோடை சுடப் போறியளோ? என்ரை பூவைத் தாங்கோ" என்று கிட்ட வந்து, பூவைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான். ராணுவமும் இல்லை, கள்ளனும் இல்லை. வீட்டில் இருந்தது ஐயாவின் துவக்கு, அம்மாவின் பூசை, நான்.

மரண விசாரணைக்கு வந்தவர் விபத்து என்று எழுதிவிட்டுப் போனார். ஐயா என்னை அடிக்கவில்லை. முற்றத்தில் நின்ற ஊர்ச்சனத்துக்கு முன்னால், "தம்பி செய்யேல்லை. நான் செய்தனான்" என்று ஒருதரம் சொன்னார். பொலிஸ் திருப்பித் தர வந்த துவக்கை வாங்க மறுத்துவிட்டார். பன்றி வந்து பயிரை உழுதது, உழுதுவிட்டுப் போகட்டும் என்று விட்டார். ஊரில் அந்தச் சாவைப் பற்றி யாரும் எங்களிடம் கதைக்கவில்லை. பிறகு சண்டை வந்தது, ஊரே கலைந்தது, நான் ஜேர்மனிக்குப் போய் அங்கிருந்து இங்கே வந்தேன், தெரிந்தவர்கள் எல்லாரும் சிதறிவிட்டார்கள். கௌரியின் படம் மட்டும் என்னோடு வந்தது. உனக்கு எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களாம் என்று வந்து, "இது ஆர்? எப்பிடிச் செத்தவ?" என்று கேட்டாய். லண்டனில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் இருந்தது, கேட்டால் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை நானும் எடுத்துக்கொண்டேன். "ஆமி சுட்டது" என்றேன். அது எத்தனையோ வீடுகளில் உண்மை. பிள்ளைகளை உண்மையாகவே அப்படிப் பறிகொடுத்தவர்களுடைய துக்கத்துக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். அவர்களிடமும் இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறேன். நீ உன் சின்னவளுக்குக் கௌரி என்று பெயர் வைத்த அன்று நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறார் என்று எல்லாருக்கும் சொன்னாய். நானும் ஓம் என்றேன்.

இதை எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று போன ஞாயிறு குசினிக்குள் போனேன். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவளுக்கு முதல் தடவையாகச் சொல்லப் போகிறேன் என்று நினைத்தேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "இஞ்சேர், கௌரியை ஆமி சுடேல்லை" என்றேன். அவள் கத்தியை வைக்கக்கூட இல்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். கல்யாணத்துக்கு முன்பே என் அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள், அவன் தானாகச் சொன்னால் ஒழிய நீ கேட்காதே என்று. அத்தனை வருடமும் தெரிந்துகொண்டே ஒவ்வொரு விஜயதசமிக்கும் அந்தப் படத்துக்குச் செவ்வரத்தம்பூ வைக்காமல் மல்லிகை வைத்திருக்கிறாள், நான் அதைக் கவனிக்கவே இல்லை. "பேந்து ஏன் நீ அவனுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அப்போதுதான் அவளுக்குப் பற்றியது. "நான் ஏனப்பா சொல்லோணும்? உங்கடை தங்கச்சி, உங்கடை கதை, நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். நீங்கள் இருந்தியள், இருந்தியள், இப்ப அவன் உலகத்துக்கே சொல்லிப்போட்டான். இனியும் இருக்கப் போறியளோ? அங்கை அந்த லாச்சிக்கை கிடக்கிறதை எந்தப் பிள்ளை எடுக்கிறதெண்டு பாத்துக்கொண்டு இருக்கப் போறியளோ?" அவள் என்னோடு இப்படிக் கத்தியதே இல்லை.

அந்தத் தொப்பிக்கார உறுப்பினரைப் பற்றியும் சொல்லாமல் விட ஏலாது. உன் பேச்சு முடிந்ததும், துவக்கில்லாத குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்று இந்த மனிதருக்குத் தெரியும் என்றார். என்ன தெரியும் அந்த ஆளுக்கு? கௌரி என்ற பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியுமா? அந்தப் பெயரையே 'கேரி' என்றுதான் சொன்னார்! அகதி பெற்ற பிள்ளை ஒருவன் வந்து தங்களுக்குச் சாதகமாக இரண்டு நிமிடம் பேசினால் படம் எடுத்துப் போடுவார்கள். அதே அகதி எல்லையில் வந்து நின்றால் அந்தக் கை தோளில் விழுமா? உன்னை மேடைக்கு ஏற்றியவர்கள் உன் மாமியைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டார்களா? எந்த ஊர், யார் கண்டது, என்ன துவக்கு? ஒருவரும் கேட்கவில்லை என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். அவர்களுக்கு ஒரு செத்த பிள்ளை தேவைப்பட்டது. அந்தத் தாயின் கையில் இருந்த செத்த பிள்ளைக்கு எதிராக வைக்க இன்னொரு செத்த பிள்ளை. நீ கொண்டுபோய்க் கொடுத்தாய். என் தங்கச்சி தன்னைக் கொன்ற சாமானுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டு அங்கே நின்றாள். சீ, எழுதவே கூசுகிறது.

சாவி தேடிக்கொண்டு நிற்க ஏலாது என்றாயே, அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. கடையில் இருந்த ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டேன். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கொழுவிக்கொண்டு, கட்டிலில் படுத்து, கண்ணை மூடினேன். உன் அம்மா கைபேசியில் நேரம் பார்த்தாள். படுத்த இடத்தில் இருந்து கையை நீட்டித் திறந்து முடிக்க நாலு விநாடி. எனக்கு வயது ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது, விரல் மூட்டெல்லாம் வீக்கம். உனக்கு மூன்று விநாடி போதும். அந்த மூன்று விநாடியைத்தான் நீ சுதந்திரம் என்று பெயர் சொல்லிச் சட்டசபையில் காப்பாற்றினாய். அதே மூன்று விநாடி அந்தச் சாமியறையில் எனக்குத் தடையாய் இருந்திருந்தால் கௌரிக்கு இப்போது பேரப்பிள்ளை இருந்திருக்கும்.

வருகிற செவ்வாய்க்கிழமை அந்தச் சட்டம் திரும்பவும் குழுவுக்கு முன்னால் வருகிறது, நீ திரும்பவும் பேசப் போகிறாய் என்று மருமகள் சொன்னாள். வெளிநாட்டவரும் பேசலாமா என்று அந்தக் குழுவின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பேசலாம், இரண்டு நிமிடம் என்று பதில் வந்தது, ஒரு படிவமும் வந்தது. ஆதரவா எதிர்ப்பா என்ற கட்டத்தில் ஆதரவு என்று போட்டேன். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் வருகிறேன். அந்தப் பெட்டி என் பையில் வரும், இரண்டு சாவி, ஒன்று உனக்கு, மற்றது மருமகளுக்கு. லாச்சியில் கிடப்பது பெட்டிக்குள் போகும்வரை நான் உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன், ஹோட்டலில் இருந்து பேத்தியைப் பூங்காவில் பார்ப்பேன். எனக்குத் தகப்பன் மரியாதை வேண்டாம். அந்தத் தாயைத் தேடிப்பிடித்து, அவள் உனக்குத் தந்த ஆறுதல் ஒரு பொய்க்குத் தந்தது என்று சொல்ல வேண்டும். அதையும் நானே சொல்கிறேன்.

பேசுகிறவர்களின் பெயர்ப் பட்டியலில் உன் பெயருக்கு அடுத்ததாக என் பெயர் இருக்கிறது. நீ முதலில் எழும்புவாய். எழும்பி, போன தடவை நான் சொன்னது பிழை, எங்கள் வீட்டில் துவக்கு இருந்தது, அது பூட்டியிருக்கவில்லை என்று சொன்னாயானால், நான் என் கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். என் இரண்டு நிமிடத்தையும் அந்தத் தாய் எடுத்துக்கொள்ளட்டும். நீ பழைய கதையையே சொன்னாயானால், நீ மைக்கை விட்டு இரண்டடி விலகுவதற்குள் நான் அதைப் பிடிப்பேன். "நான் இவனுடைய தகப்பன். அவளைச் சுட்டது நான்." இரண்டே வசனம். ஆங்கிலத்தில் பாடமாக்கிவிட்டேன், உன் அம்மா இருத்தி வைத்து உச்சரிப்பும் திருத்தித் தந்தாள்.